வெள்ளம் வந்தால் கிளம்பிவிடும் வீடு

திருவையாற்றிலிருந்து அரியலூர் சாலையில் வடக்கே போனால் கொள்ளிடம் வந்துவிடும். கரைமேல் ஏறி நின்று பார்த்தால், கரைக்கும் ஆற்றுக்கும் நடுவில் வாழைத்தோட்டங்கள் வரிசையாகத் தெரியும். இதைத்தான் படுகை என்கிறார்கள். ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல் மண். பூவனோ ரஸ்தாளியோ மொந்தனோ எதை நட்டாலும் தார் திரட்சியாக வரும். அதற்கு ஈடாக ஒரு பயமும் உண்டு. முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிகிற கொள்ளிடம்தான் டெல்டாவின் வெள்ள வடிகால். மேட்டூர் நிரம்பி உபரி நீர் வந்தால் பெரும்பகுதியை இந்த ஆற்றில்தான் திருப்புவார்கள். அப்போது முதலில் மூழ்குவது படுகை நிலம்தான்.

இந்தப் படுகையில் இரண்டரை ஏக்கர் வாழை வைத்திருக்கும் அறுபத்திரண்டு வயது விவசாயி ஒருவரை ஊரில் ‘படுகைக்காரர்’ என்றே கூப்பிடுகிறார்கள். கரைக்குத் தெற்கே அரை ஏக்கர் நெல் வயலும் அவருக்கு உண்டு. ஆனால், மனசெல்லாம் படுகையில்தான். வாழை குலை தள்ளிவிட்டால் ராத்தங்கல் தோட்டத்தில்தான். காட்டுப்பன்றி வந்து கிழங்கைத் தோண்டிவிடும். தார் வெட்டிக்கொண்டு போகிற ஆட்களும் உண்டு. ராத்திரியில் மும்முனை மின்சாரம் வந்தால் மோட்டார் போட வேண்டும். அதற்காக நாலு சவுக்குக் கால் நட்டு, கீற்று வேய்ந்து ஒரு கொட்டகை போட்டிருந்தார். கயிற்றுக் கட்டில், இரண்டு ஆடு, உர மூட்டை, ஒரு டார்ச் லைட். அவ்வளவுதான் சொத்து.

2022 ஆகஸ்ட்டில், ஆடிப்பெருக்கு முடிந்த இரண்டாம் நாள் ராத்திரி அந்தக் கொட்டகை போய்விட்டது. மேட்டூரிலிருந்து வெளியேறிய தண்ணீர் 2 லட்சம் கன அடியைத் தாண்டியிருந்த நேரம். கரையில் மைக் வைத்துச் சொன்னார்கள். ‘இன்னும் ஒரு ராத்திரி தாங்கும்’ என்று அவர் கணக்குப் போட்டார். இரண்டு மணிக்குக் காலில் ஈரம் பட்டு எழுந்தபோது கட்டில் கால் முழுகியிருந்தது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் கரை ஏறினார். ஆடு இரண்டையும் அவிழ்க்க முடியவில்லை.

விடிந்த பிறகு அவர் மனைவி அழவில்லை, திட்டவும் இல்லை. ஈரத் துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

“இனிமே நீங்க படுகையில ராத் தங்குறதா இருந்தா, நான் சோறு கொண்டாந்து குடுக்க மாட்டேன்.”

“பன்னி வந்து கெழங்கெல்லாம் தோண்டிப் போட்டுடும். அப்புறம் யாரு பாக்குறது?”

“பன்னி தின்னா வாழை போவும். தண்ணி வந்தா நீங்கல்ல போயிடுவீங்க?”

கீதாரிகளின் கூடாப்பு

ஐப்பசி பிறக்கிற நேரத்தில் கொள்ளிடத்தில் மறுபடியும் வெள்ளம் வந்தது. இந்த முறை அவர் கரைமேல்தான் நின்றிருந்தார். பக்கத்தில் நின்ற மனைவிதான் பேச்சோடு பேச்சாக, “கீதாரிங்க வச்சிருப்பாங்களே, அது மாதிரி தூக்கிக்கிட்டுப் போற குடிசையாப் போட்டா என்ன?” என்று கேட்டார்.

டெல்டாக்காரர்களுக்கு இது புரியும். சம்பா அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு வந்து வயலில் கிடை போடுவார்கள். அவர்களோடு ‘கூடாப்பு’ ஒன்று வரும். பனையோலையில் வளைத்துக் கட்டிய சின்னக் கூடு. மழையிலும் பனியிலும் குட்டிகளுக்கு அதுதான் வீடு. கிடை அடுத்த வயலுக்குப் போனால் கூடாப்பையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். தேவைக்கு மேல் ஒரு ஓலைகூட அதில் இருக்காது. கனமாகிவிட்டால் தூக்க முடியாதே!

படுகைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு, தஞ்சாவூரில் வேலை பார்க்கும் மகன் போனில் ஒரு படத்தைக் காட்டினான். நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரைச் சேர்ந்த அருண் பிரபு என்ற இளம் கட்டடக் கலைஞர், 2019-ல் ஓர் ஆட்டோவின் மேல் கட்டிய வீடு அது. ஆறடிக்கு ஆறடி இடம். அதற்குள்ளேயே சமையல் மேடை, குளியலிடம், மேலே படுக்கை. பழைய பொருள்களை வாங்கிப் பயன்படுத்தியிருந்தார். செலவு ஏறக்குறைய 1 லட்சம் ரூபாய். வீட்டைப் போல்ட் போட்டு ஆட்டோவோடு முடுக்கியிருந்ததால், வேண்டாதபோது கழற்றிவிடலாம். அமெரிக்காவில் டிரெய்லர் மேல் வீடு கட்டிக் குடியிருப்பது பல வருடங்களாகவே பழக்கம் என்றும் மகன் சொன்னான். அங்கே பனிக்கட்டியைத் தாங்கக் கட்டுகிறார்கள். இங்கே தாங்க வேண்டியது அடைமழையையும் மார்கழிப் பனியையும்.

“ஆட்டோல கட்ட முடியும்னா, டிராக்டர் டிரெய்லர்ல முடியாதா?” என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது.

அடைமழையில் ஆரம்பித்த வேலை

பழைய இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று 45,000 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆர்.சி. புத்தகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினார். பத்தடி நீளம், ஆறடி அகலம். பக்கப் பலகைகளைக் கழற்றி, ஸ்பிரிங் பட்டையில் உடைந்திருந்த ஒன்றை மாற்றி, பேரிங்கைக் கழுவிப் புது கிரீஸ் வைத்தார்.

வெல்டிங் பட்டறைக்காரர் சொந்தக்கார இளைஞர். மாமா என்று கூப்பிடுகிறவர். படுகைக்காரர் முதலில் சொன்ன அளவைக் கேட்டதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கீழே ஒரு அறை, மேலே பரண், அதற்கு மேல் கூரை.

“மாமா, வீடு கட்டச் சொல்றீங்களா, தேர் கட்டச் சொல்றீங்களா? தேருக்கு அகலமான சக்கரம் இருக்கு, முட்டுக்கட்டை போட நாலு பேரு கூட வர்றாங்க. இதுக்கு ரெண்டே டயரு. கரை ஏறுறப்பவே சாஞ்சிடும்.”

அதில் நியாயம் இருந்தது. உயரம் கூடக் கூடக் கனம் மேலே போய்விடும். சரிவில் ஏறும்போது வண்டி கவிழும். பரணை விட்டுவிட்டார்கள். சுவர் ஆறடி, கூரை ஒருபக்கச் சரிவு. ஒன்றரை அங்குல ஸ்கொயர் பைப்பில் கூடு. மொத்தம் 200 கிலோ இரும்பு. கூட்டை டிரெய்லரோடு வெல்டிங் வைக்காமல், எட்டு இடத்தில் போல்ட் போட்டு, நட்டுக்கு மேல் இன்னொரு நட்டு வைத்து முடுக்கினார்கள். ஆணி அடித்த இடமெல்லாம் ரோட்டில் ஆடி ஆடிக் கழன்றுவிடும் என்பதால் ஆணியே இல்லை.

வேலை தொடங்கியது நவம்பரில். வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருந்த நேரம். 11-ம் தேதி சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது அந்த வருடம்தான். திருவையாற்றுப் பக்கம் அவ்வளவு இல்லை என்றாலும் வானம் வெளுக்கவே இல்லை. முதல் பாடம் வெல்டிங்கில் வந்தது. ஈரத் தரையில் நின்றுகொண்டு வெல்டிங் வைத்த பட்டறை ஆளுக்கு ‘சுர்’ரென்று மின்சாரம் தட்டியது. நல்லவேளை, கையை உதறிக்கொண்டதோடு போயிற்று. அன்றிலிருந்து தார்ப்பாய்க்குக் கீழே, காய்ந்த பலகைமேல் நின்றுதான் வேலை. தூறல் விழுந்தால் மெயினை அணைத்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது பாடம் பெயின்ட்டில். மழை விட்ட மறுநாள் காலையிலேயே பைப்புக்கு ரெட் ஆக்சைடு அடித்தார்கள். ஒரு வாரத்தில் தோல் மாதிரி உரிந்துவந்தது. உள்ளே ஈரமும் துருவும். டிசம்பர் 9-ம் தேதி ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரை கடந்து, வானம் சற்று வெளுத்த பிறகு, துருவை முழுக்கச் சுரண்டிவிட்டு மறுபடி அடித்தார்கள். அதுவும் காலை பத்து மணிக்கு மேல், மூன்று மணிக்குள். மார்கழியில் பனி இறங்கத் தொடங்கிவிட்டால் பெயின்ட் காயாது.

மூன்றாவது பாடம் தரையில். செலவு குறையட்டும் என்று மலிவான பிளைவுட் போட்டார். பத்து நாள் ஈரத்தில் அது பணியாரம் போல உப்பிவிட்டது. பிறகு, இடித்த ஓட்டு வீட்டிலிருந்து வாங்கிய பழைய வேப்பம் பலகையை, இடையில் விரல் நுழையும் சந்து விட்டு அடுக்கினார். தண்ணீர் உள்ளே வந்தாலும் ஒழுகிக் கீழே போய்விடும்.

நாலாவது பாடம் கூரையில். தகரக் கூரை போட்டு முதல் ராத்திரி படுத்தவருக்கு, விடியற்காலை நாலு மணிக்கு முகத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. வெளியே மழை இல்லை. எங்கே ஓட்டை என்று டார்ச் அடித்துப் பார்த்தால் ஓட்டையும் இல்லை. ராத்திரி பனியில் தகடு குளிர்ந்துபோகிறது. உள்ளே இருக்கிற ஈரக் காற்றும் மூச்சுக் காற்றும் அதில் பட்டு நீராகிச் சொட்டுகிறது. அதற்கு மனைவி வழி சொன்னார். தகரத்துக்குக் கீழே நாலு விரல் இடைவெளி விட்டு மூங்கில் பரப்பி, ஒரு வரிசை தென்னங்கீற்று வைத்துக் கட்டினார்கள். எதிரெதிர்ச் சுவரில் மேற்பக்கமாக இரண்டு காற்றுவழி. சொட்டுவது நின்றது. வெயில் காலத்தில் சூடும் குறைந்தது.

சுவருக்கு இடுப்பளவு வரை தகடு, அதற்கு மேல் மூங்கில் தட்டி. பெட்டி, கட்டில், தண்ணீர்க் குடம் எல்லாவற்றையும் அச்சுக்குச் சற்று முன்பக்கமாக வைத்தார்கள். இது முக்கியம். இரண்டு சக்கர டிரெய்லரில் பின்பக்கம் கனம் கூடினால் கொக்கி மேலே தூக்கும். ஓடும்போது வால் ஆடும். முன்பக்கம் கொஞ்சம் அழுத்தினால்தான் வண்டி டிராக்டருக்கு அடங்கி வரும்.

தை பிறந்தபோது வீடு படுகைக்கு வந்துவிட்டது. மனைவி வாசலில் கோலம் போட இடம் இல்லையே என்றார். பிறகு ஏணிப்படிக்குக் கீழே மண்ணைத் தட்டிப் போட்டுவிட்டார்.

சக்கரம் இருந்தும் நகரவில்லை

கதை இதோடு முடிந்திருந்தால் இது சாதாரணக் கதைதான். 2023 பிப்ரவரி முதல் வாரத்தில், அறுவடைக்கு நின்ற சம்பாவின் மேல் பருவம் தவறிய மழை கொட்டியதை டெல்டாவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். படுகைக்காரரின் அரை ஏக்கர் நெல்லும் சாய்ந்து முளைத்துவிட்டது. கொள்ளிடத்தில் வெள்ளம் இல்லை. ஆனாலும் மழை நிற்காமல் பெய்யவே, எதற்கும் இருக்கட்டும் என்று மகன் டிராக்டரைக் கொண்டுவந்தான்.

வீடு நகரவில்லை.

இரண்டு டயரும் வண்டலில் முக்கால் அடி இறங்கியிருந்தன. ஒன்றில் காற்றே இல்லை. காற்றுக்கு ஆடக்கூடாது என்று நாலு மூலையிலும் சங்கிலி போட்டு மண்ணில் புதைத்த கட்டையோடு கட்டியிருந்தார். அந்தச் சங்கிலியின் போல்ட் துருப்பிடித்து ஸ்பானருக்கு அசையவில்லை. டிராக்டர் இழுத்த இழுப்பில் டிராக்டர் சக்கரமும் சேற்றில் புதைந்ததுதான் மிச்சம். மூன்று மணி நேரம் போராடிவிட்டு அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள்.

அன்று ராத்திரி அவர் மனைவி கேட்ட கேள்வி, அந்த வீட்டின் செலவு 92,000 ரூபாயையும் விடக் கனமானது.

“அன்னிக்கி ஆத்துல தண்ணி வந்திருந்தா?”

சக்கரம் இருக்கிறது என்ற தைரியத்தில் அவர் இன்னும் ஒரு ராத்திரி, இன்னும் ஒரு ராத்திரி என்று அங்கேயே படுத்திருப்பார். பழைய கொட்டகையில் இருந்ததைவிட அது பெரிய ஆபத்து. கொட்டகையிலாவது ‘ஓடணும்’ என்ற நினைப்பு இருந்தது.

அதன் பிறகுதான் அவர் நிஜமாகவே வீடு கட்டி முடித்தார் என்று சொல்ல வேண்டும். படுகையிலேயே மேடான இடத்தைப் பார்த்து, டயர் நிற்கும் இடத்தில் பழைய கருங்கல் பலகைகளைப் பதித்தார். நாலு மூலைக்கும் இரும்பு முட்டு வைத்து, டயர் மேல் பாரம் முழுவதும் இறங்காமல் செய்தார். சங்கிலிக்குத் துருப்பிடிக்கும் போல்ட்டை எடுத்துவிட்டு, கையாலேயே கழற்றக்கூடிய பெரிய கொக்கிகளைப் போட்டு கிரீஸ் தடவினார். வீட்டிலிருந்து கரை ஏறும் சரிவு வரை வண்டிப்பாதையில் செங்கல் ஜல்லி கொட்டினார். வாழைக்கன்று நடும்போதே அந்தப் பாதையை விட்டுத்தான் நடவு.

கூடவே ஒரு பழக்கமும். ஒவ்வொரு தமிழ் மாதப் பிறப்பு அன்றும் டிராக்டரை மாட்டி வீட்டை இருபதடி முன்னே இழுத்து, மறுபடி பின்னே தள்ளி நிறுத்துவது. காற்று, கிரீஸ், கொக்கி எல்லாம் அன்றைக்குத் தெரிந்துவிடும். ஊர்க்காரர்கள் கேலி செய்தார்கள். “மாசாமாசம் தேரோட்டமா?” என்றார்கள்.

ஆடி 14

2024-ல் மேட்டூரில் தண்ணீர் இல்லாமல் ஜூன் 12-ம் தேதி அணையைத் திறக்கவே முடியவில்லை. அப்படிக் கிடந்த அணை ஜூலைக் கடைசியில் மளமளவென்று ஏறியது. படுகைக்காரர் தனக்கென்று ஒரு வரம்பு வைத்திருந்தார். மேட்டூர் 118 அடியைத் தொட்டு, வரத்து 50,000 கன அடிக்கு மேல் இருந்தால், யார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் வீடு கரைக்கு வெளியே வந்துவிட வேண்டும். ஓரிரண்டு நாளில் தண்ணீர் இங்கே வந்துவிடும். அணை நிரம்பும் வரை காத்திருந்தால் நேரம் போதாது.

ஜூலை 30, ஆடி 14. காலையில் டிராக்டரை மாட்டினார்கள். கொக்கி நாலையும் கழற்றி, முட்டை எடுத்து, கரை ஏறிக் கீழே இறங்க நாற்பது நிமிடம் ஆனது. அன்று மாலை மேட்டூர் தன் முழு உயரமான 120 அடியை எட்டியது. வெளியேறிய நீர் ஒன்றரை லட்சம் கன அடியைத் தாண்டியது. ஆடிப்பெருக்குக்குக் கரையில் படையல் வைத்தபோது, வீடு நின்ற இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

வாழை தப்பவில்லை. தாழ்வான ஒரு ஏக்கரில் தண்ணீர் ஐந்து நாள் நின்று கிழங்கு அழுகியது. வீட்டை நகர்த்தலாம், தோட்டத்தை நகர்த்த முடியாது. அந்த நஷ்டம் அவருக்கு இன்னும் தீரவில்லை. ஆனால், மோட்டார், சொட்டுநீர்க் குழாய்ச் சுருள், மண்வெட்டி, உர மூட்டை, புதிதாக வாங்கிய மூன்று ஆடு எல்லாம் கரைக்கு வெளியே இருந்தன. வீட்டுக்காரரும் வெளியே இருந்தார். தண்ணீர் வடிந்த மறு வாரமே வீடு உள்ளே போய், மிச்ச வாழைக்கு வடிகால் வெட்டும் வேலை தொடங்கிவிட்டது. 2022-ல் அந்த வேலை தொடங்க ஒன்றரை மாதம் ஆனது. தங்க இடமும் இல்லை, கருவியும் இல்லை.

பார்க்க வருகிறவர்கள் கேட்பவை

இப்போது அக்கம்பக்கத்துப் படுகைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். செலவு எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி. டிரெய்லர் 45,000, இரும்பு 16,000, வெல்டிங் கூலி 12,000, தகடும் போல்ட்டும் 11,000, பலகை, மூங்கில், கீற்று 8,000 என்று நோட்டைக் காட்டுகிறார். உப்பிப்போன பிளைவுட் கணக்கு தனி. அதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பார்.

சட்டப்படி சரியா என்று கேட்கிறார்கள். வண்டியின் அமைப்பை அனுமதி இல்லாமல் மாற்றுவதை 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. அதனால்தான் அவர் வெல்டிங் வைக்காமல், கழற்றி எடுக்கிற பாரமாகவே கூட்டை வைத்திருக்கிறார். வண்டியின் அகலத்தைத் தாண்டி எதுவும் நீட்டிக்கொண்டு இருப்பதில்லை. ஆனாலும், கட்டுவதற்கு முன்பு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்றுதான் சொல்லி அனுப்புகிறார்.

புயல் தாங்குமா என்றால், தாங்காது என்று பளிச்சென்று சொல்லிவிடுகிறார். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னையையே பிடுங்கிப் போட்டதைப் பார்த்தவர் அவர். சங்கிலி சாதாரணக் காற்றுக்குத்தான். புயல் எச்சரிக்கை வந்தால் வீட்டை ஒதுக்கமான இடத்தில் நிறுத்திவிட்டு, ஆள் மாடி வீட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போய்விட வேண்டும்.

உள்ளே சமைக்கலாமா என்று பெண்கள் கேட்கிறார்கள். கூடாது. கீற்றும் மூங்கிலும் தீப்பிடிக்கும். பூச்சிமருந்தும் படுக்கிற இடத்தில் வைப்பதில்லை. டிரெய்லருக்கு அடியில் பூட்டு போட்ட தகரப் பெட்டியில் தனியாக இருக்கிறது. தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் படுப்பதால் பாம்பு, தேள் பயம் குறைந்தது ஒரு லாபம். ஏணியை மட்டும் ராத்திரியில் உள்ளே தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக அவரே ஒன்று கேட்பார். “சொந்தமா டிராக்டர் இருக்கா? இல்லேன்னா, ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டா வர்ற ஆள் இருக்காரா?” இரண்டும் இல்லை என்றால் கட்ட வேண்டாம் என்கிறார். கொட்டகையே போதும், தண்ணீர் வருகிறது என்றதும் ஏறி வந்துவிடுங்கள் என்கிறார்.

அவர் மனைவி இப்போது சோறு கொண்டுவந்து கொடுக்கிறார். மாதப் பிறப்பு அன்று மட்டும் தூக்குவாளியைக் கையில் பிடித்தபடியே கரைமேல் நின்று கேட்பார்.

“இழுத்துப் பாத்தாச்சா?”

ஆச்சு என்று சத்தம் வந்த பிறகுதான் படுகைக்குள் இறங்குவார்.